நேரடி கேபிளில் இணைத்த இரண்டு கணினிகள்: லைட் எரிகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை

ஓலைச்சுவடி எழுதியது:

வணக்கம். பழைய டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 10) சுமார் 400 ஜிபி படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் புதிய லேப்டாப்புக்கு (விண்டோஸ் 11 புரோ) மாற்ற வேண்டும். வைஃபையில் அனுப்பினால் விடிந்தாலும் முடியாது என்று தோன்றியதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு லேன் கேபிளை நேராகச் செருகிவிட்டேன். ரவுட்டர், ஸ்விட்ச் எதுவும் இடையில் இல்லை.

முதலில் இரண்டிலும் 169.254 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரி) வந்தது. அப்படி வந்தால் கோளாறு என்று எங்கோ படித்த ஞாபகம். அதனால் நானே ஐபி கொடுத்தேன். டெஸ்க்டாப்புக்கு 192.168.1.50, லேப்டாப்புக்கு 192.168.1.51, இரண்டுக்கும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) 192.168.1.1. படங்கள் ஃபோல்டரை ஷேர் செய்தாயிற்று.

போர்ட்டில் லைட் எரிகிறது. ஆனால் லேப்டாப்பில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் டெஸ்க்டாப் பெயரே தெரியவில்லை. அட்ரஸ் பாரில் ஐபியை அடித்தால் 80070035 என்று முடியும் எர்ரர். போதாக்குறைக்கு, கேபிளைச் செருகினால் லேப்டாப்பில் இன்டர்நெட்டும் நின்றுவிடுகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

---

நள்ளிரவுப்பூனை எழுதியது:

கிராஸ் ஓவர் கேபிளா போட்டிருக்கிறீர்கள்? இரண்டு கணினியை நேராக இணைக்கச் சாதாரண கேபிள் ஆகாது. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றிக் கிரிம்ப் செய்ய வேண்டும்.

---

கம்பிவடம் எழுதியது:

> சாதாரண கேபிள் ஆகாது

அது 10, 100 எம்பிபிஎஸ் கார்டுகள் காலத்துக் கதை, பூனையாரே. அப்போது அனுப்பும் ஜோடியும் வாங்கும் ஜோடியும் தனித்தனி. இரண்டு கணினிகளும் ஒரே ஜோடியில் அனுப்பினால் கேட்க ஆளிருக்காது, அதனால் கேபிளிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். கிகாபிட் வந்த பிறகு ஆட்டோ எம்டிஐஎக்ஸ் என்ற வசதியால் கார்டே பார்த்து மாற்றிக்கொள்கிறது. எந்தக் கேபிளும் போதும். அவர் போர்ட்டில் லைட் எரிகிறது என்றும் சொல்லிவிட்டார்.

ஓலைச்சுவடி, உங்கள் வீட்டு வைஃபையும் 192.168.1 என்றுதானே தொடங்குகிறது? கேபிளுக்கும் அதே வரிசையில் ஐபி கொடுத்தால் லேப்டாப்புக்கு ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு வாசல் ஆகிவிடும். எந்த வாசல் வழியாக அனுப்புவது என்பதை விண்டோஸ் மெட்ரிக் என்ற முன்னுரிமை எண்ணை வைத்துத் தானே முடிவு செய்துகொள்ளும். ரவுட்டரைத் தேடும் கேள்வியைக் கேபிளுக்குள் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். கேபிளின் மறுமுனையில் ரவுட்டரா இருக்கிறது? இன்டர்நெட் நின்றதற்கு அதுவும், நீங்கள் கேபிளுக்குக் கொடுத்த கேட்வேயும்தான் காரணம்.

169.254 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரவுட்டர் வழியாக இன்டர்நெட் வர வேண்டிய இடத்தில் அந்த ஐபி வந்தால் கோளாறுதான், ஏனென்றால் ஐபி வழங்க வேண்டிய ஆள் வழங்கவில்லை என்று அர்த்தம். நேரடி கேபிளில் ஐபி வழங்க ஆளே கிடையாது. சற்று நேரம் காத்துப் பார்த்துவிட்டு இரண்டு கணினிகளும் தாமாகவே ஆளுக்கொரு 169.254 ஐபியை எடுத்துக்கொள்ளும். மாஸ்க் (எந்த ஐபிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) 255.255.0.0, ஆக இரண்டும் ஒரே நெட்வொர்க். அதை வைத்தே ஃபைல் ஷேரிங் ஜோராக நடக்கும். என்ன, அடுத்த தடவை செருகும்போது எண் மாறக்கூடும், ஒவ்வொரு முறையும் பார்த்து அடிக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் இப்படிக் கொடுங்கள்:

டெஸ்க்டாப் 192.168.50.1
லேப்டாப் 192.168.50.2
மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0
கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் காலி

கேட்வே காலியாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும். அது முக்கியம்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

மாற்றிவிட்டேன். இன்டர்நெட் திரும்ப வந்துவிட்டது, மிக்க நன்றி.

டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு பிங் போட்டால் உடனே பதில் வருகிறது, 1 மில்லி செகண்டுக்கும் குறைவு. லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் போட்டால் நாலு வரியும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். கேபிள் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறதா?

---

கம்பிவடம் எழுதியது:

கேபிள் நன்றாக இருக்கிறது. டெஸ்க்டாப் கேட்ட கேள்வி லேப்டாப்புக்குப் போய், பதில் திரும்ப டெஸ்க்டாப்புக்கு வந்திருக்கிறது. இரு திசையிலும் பாக்கெட் ஓடாமல் இது நடக்காது. எனவே கேபிள், ஐபி, மாஸ்க் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப்பின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் கேள்விக்கு வாய் திறக்க மறுக்கிறது, அவ்வளவுதான். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. லேப்டாப்பில் அந்தத் தோற்றுப்போன பிங்கைப் போட்ட கையோடு கமாண்ட் பிராம்ப்டில் ஏஆர்பி கட்டளையை (எந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டுடையது என்று காட்டுவது) மைனஸ் ஏ சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் 192.168.50.1 எதிரே ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக ஒரு மேக் முகவரி (கார்டின் சொந்த முகவரி) வந்திருந்தால் டெஸ்க்டாப் அங்கே உயிரோடு இருக்கிறது. ஃபயர்வால் பிங்கைத்தான் மறைக்கும், ஏஆர்பியை மறைக்காது. அந்த வரியே வரவில்லை என்றால்தான் கேபிளையும் ஐபியையும் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

பிங் தோற்றதும் கேபிளை மாற்றுவது, டிரைவரை அழித்துப் போடுவது என்று இறங்குகிறவர்கள் அதிகம். இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

---

நள்ளிரவுப்பூனை எழுதியது:

இரண்டிலும் ஃபயர்வாலை ஆஃப் செய்துவிட்டால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு சுற்று?

---

தறிநாடா எழுதியது:

லேப்டாப் வைஃபையிலும் இருக்கிறதே. கேபிளுக்காக ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தால் வைஃபை பக்கமும் திறந்துதான் கிடக்கும். இப்படி அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவது வேறு கதை.

ஃபயர்வால் ஏன் மறுக்கிறது என்று பாருங்கள். நெட்வொர்க்கை விண்டோஸ் பப்ளிக், பிரைவேட் என்று பிரிக்கிறது. புதிதாக ஒரு இணைப்பு வந்தால் அதன் கேட்வேயை வைத்து எந்த நெட்வொர்க் என்று அடையாளம் காண முயலும். நேரடி கேபிளில் கேட்வேயே இல்லை. எனவே "அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்" என்று பெயர் வைத்து, தெரியாத இடம்தானே என்று பப்ளிக்கில் போட்டுவிடும். பப்ளிக்கில் ஃபைல் ஷேரிங்கும் பிங்கும் இயல்பாகவே மூடியிருக்கும். உங்கள் லேப்டாப் பதில் சொல்கிறது என்றால் அதில் எப்போதோ பிரைவேட் கொடுத்திருப்பீர்கள்.

டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் போய் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அந்தத் தேர்வு காட்டவில்லை என்றால் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கெட்-நெட்கனெக்‌ஷன்புரொஃபைல் கொடுத்து ஈதர்நெட்டின் இன்டர்ஃபேஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டு, செட்-நெட்கனெக்‌ஷன்புரொஃபைல் கட்டளையில் அந்த எண்ணையும் பிரைவேட்டையும் கொடுக்கலாம். அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்பதால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி பப்ளிக் ஆகிவிடலாம். நிரந்தரமாக வேண்டும் என்றால் புரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் "நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசீஸ்" என்ற இடத்தில் அடையாளம் தெரியாதவற்றை பிரைவேட்டாக நடத்தச் சொல்லலாம். ஹோம் பதிப்பில் அந்தச் சாளரம் கிடையாது.

தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறதா? பலவற்றில் சொந்த ஃபயர்வால் இருக்கும். அங்கேயும் இந்தக் கேபிளை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும். விண்டோஸ் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான்.

---

பழையபெட்டி எழுதியது:

நெட்வொர்க் பக்கத்தில் பெயர் தெரியவில்லை என்றாரே, அதற்கு விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் எஸ்எம்பி 1 (ஃபைல் ஷேரிங் முறையின் பழைய பதிப்பு) டிக் செய்தால் தெரிய ஆரம்பிக்கும். என் பழைய மெஷின்கள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

---

கம்பிவடம் எழுதியது:

அதைச் செய்ய வேண்டாம். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் பரவியது இதே எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். அதற்கு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் விட்டிருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 இருப்பதில்லை. விஸ்டாவிலிருந்தே எஸ்எம்பி 2 இருக்கிறது, 10க்கும் 11க்கும் இடையே பழையதற்கு ஒரு வேலையும் இல்லை. எக்ஸ்பிக்கு மட்டும் அது தவிர வேறு தெரியாது. எக்ஸ்பியிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி என்க்ளோஷரில் மாட்டுவதே மேல்.

நெட்வொர்க் பக்கத்தில் பெயர் தெரிவதும் ஃபோல்டர் திறப்பதும் வெவ்வேறு வேலைகள். அந்தப் பட்டியலுக்கு "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்ற சர்வீஸ் ஓட வேண்டும். ஓடாவிட்டாலும் நஷ்டமில்லை. லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\192.168.50.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள், பட்டியலை மறந்துவிடுங்கள்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

ஏஆர்பி பட்டியலில் வரி வந்தது. டெஸ்க்டாப்பில் பார்த்தால் தறிநாடா சொன்னது போலவே பப்ளிக். பிரைவேட் ஆக்கியதும் இரண்டு பக்க பிங்கும் போகிறது, ஐபி அடித்ததும் பெட்டி ஒன்று திறக்கிறது.

ஆனால் அது யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கிறது. டெஸ்க்டாப்பில் தினமும் போடும் நாலு இலக்க பின்னைக் கொடுத்தால் தப்பு என்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் ஈமெயிலும் கொடுத்துப் பார்த்தேன். அதே பதில்.

---

தறிநாடா எழுதியது:

பின் அந்த ஒரு மெஷினோடு கட்டிப்போட்டது. முன்னால் உட்கார்ந்து தட்டுவதற்கு மட்டும்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக ஏற்காது. ஈமெயிலோடு கேட்பது அந்த அக்கவுன்டின் உண்மையான பாஸ்வேர்ட். ஆனால் பின்னையும் முகத்தையும் வைத்தே நுழைந்துகொண்டிருக்கும் மெஷினில், பாஸ்வேர்டால் ஒரு தடவையாவது உள்ளே போகாதவரை சரியான பாஸ்வேர்டையும் நிராகரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் மல்லுக்கட்ட வேண்டாம். டெஸ்க்டாப்பில் இந்த வேலைக்கென்றே ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்குங்கள். அட்மின் வேண்டாம், சாதாரண யூசர் போதும். பாஸ்வேர்ட் கட்டாயம் வையுங்கள், காலியாக விட்டால் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. லேப்டாப்பில் யூசர்நேம் கேட்கும் இடத்தில் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிறகு அந்தப் புதிய யூசர். டெஸ்க்டாப் பெயரைச் சேர்க்காவிட்டால் சில நேரம் லேப்டாப் தன்னிடம் உள்ள யூசர் என்று நினைத்துக்கொள்ளும்.

"பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் செய்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் கெஸ்டாக, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல், நுழைய வேண்டியிருக்கும். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 புரோ பதிப்பிலிருந்து கெஸ்ட் நுழைவை லேப்டாப்பே மறுத்துவிடும், எஸ்எம்பி சைனிங்கும் (அனுப்புவதற்கெல்லாம் கையொப்பமிட்டுச் சரிபார்ப்பது) கட்டாயம். அந்தப் பூட்டையெல்லாம் உடைப்பதைவிட ஒரு யூசர் உருவாக்குவது சுலபம்.

இன்னொன்று. தவறான பெயரில் ஏற்கெனவே பாதி நுழைந்திருந்தால் இப்போது 1219 எர்ரர் வரலாம், ஒரே மெஷினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக முடியாது என்று. நெட் யூஸ் கட்டளையில் நட்சத்திரக் குறியும் டெலீட்டும் சேர்த்துக் கொடுத்தால் பழைய இணைப்புகள் அறுந்துவிடும். கிரெடென்ஷியல் மேனேஜரிலும் 192.168.50.1 பெயரில் ஏதாவது சேமித்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

1219 வந்தது! நெட் யூஸ் டெலீட் செய்ததும் உள்ளே போய்விட்டேன். படங்கள் ஃபோல்டரும் திறக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் சில ஃபோல்டர்களைத் தொட்டால் ஆக்சஸ் டினைடு. ஷேரிங்கில் எவ்ரிஒன் என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்திருக்கிறேனே?

---

கம்பிவடம் எழுதியது:

ஷேர் அனுமதி ஒன்று, டிஸ்க்கில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) அனுமதி இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வரும்போது இரண்டையும் தாண்ட வேண்டும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். நீங்கள் முதல் கதவை அகலத் திறந்திருக்கிறீர்கள்.

திறக்காத ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப். அங்கே புதிய யூசர் பெயரோ, அவர் இருக்கும் யூசர்ஸ் குழுவோ இல்லாமலிருக்கும். சேர்த்து ரீட் மட்டும் கொடுங்கள், காப்பி எடுக்க அது போதும். மேல் ஃபோல்டரில் கொடுத்துவிட்டு அட்வான்ஸ்டில் உள்ளே இருப்பவற்றுக்கும் பொருத்தச் சொன்னால் எல்லாவற்றுக்கும் இறங்கும். பழைய விண்டோஸிலிருந்து வந்த ஃபோல்டர்களாக இருந்தால் பெயருக்குப் பதில் எஸ்-1-5 என்று நீளமாக ஒரு எண் நிற்கும். அழிந்துபோன அக்கவுன்டின் மிச்சம் அது. அப்படியானால் முதலில் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு அனுமதி கொடுங்கள்.

ஷேர் பக்கத்தில் எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு அந்த ஒரு யூசரை மட்டும் வைப்பது நல்லது.

---

ஓலைச்சுவடி எழுதியது:

எஸ்-1-5 என்றே இருந்தது. ஓனர் மாற்றி அனுமதி கொடுத்ததும் எல்லாம் திறக்கிறது. காப்பி ஓடுகிறது.

ஓடுகிறது, ஆனால் நொண்டுகிறது. செகண்டுக்கு 11 எம்பி, அதைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வைஃபையே இதைவிடத் தேவலை போலிருக்கிறது.

---

கம்பிவடம் எழுதியது:

11 என்றாலே எனக்குப் பொறி தட்டும். 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 12.5, அதில் ஹெடர்கள் போக 11 சொச்சம். உங்கள் இணைப்பு கிகாபிட்டில் எழும்பாமல் 100இல் நிற்கிறது. அடாப்டரின் ஸ்டேட்டஸ் சாளரத்தில் ஸ்பீடு என்ன காட்டுகிறது?

100க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எட்டுக் கம்பியில் ஒன்று உள்ளே அறுந்திருந்தாலோ, பிளக்கின் ஊசி ஒன்று சரியாகப் பதியாவிட்டாலோ, கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லைட்டும் எரியும், பிங்கும் போகும், எந்த எர்ரரும் வராது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு நிறமும் நுனிவரை வந்திருக்கிறதா, இல்லை நாலுதான் இருக்கிறதா? மலிவான கேபிள்களில் நாலே கம்பி வைத்து விற்பதுண்டு. அப்புறம், டெஸ்க்டாப்பின் கார்டே 100 மட்டும் பேசும் பழசாகவும் இருக்கலாம்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

ஸ்பீடு 100 என்றுதான் காட்டியது. பிளக்கைப் பார்த்தேன், எட்டும் இருக்கிறது, ஆனால் பழுப்புக் கம்பி ஒன்று மற்றவற்றைவிடக் குட்டையாக உள்ளே நின்றுவிட்டிருக்கிறது. ரவுட்டரோடு வந்த கேபிளை எடுத்துப் போட்டதும் 1.0 ஜிபிபிஎஸ். பெரிய வீடியோக்கள் 95 முதல் 100 எம்பிவரை போகின்றன.

படங்கள் ஃபோல்டருக்கு வந்ததும் வேகம் 30, 20 என்று இறங்குகிறது. இதுவும் கேபிளா?

---

தறிநாடா எழுதியது:

இல்லை. சின்னச் சின்ன ஃபைல்களில் ஒவ்வொன்றுக்கும் திற, உருவாக்கு, மூடு என்று தனித்தனியாகப் பேச்சு நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் முள்ளும் இங்கும் அங்கும் ஓட வேண்டும். அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவதற்குப் பதில் விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையில் ஓட விடுங்கள். பல ஃபைல்களை ஒரே சமயத்தில் எடுக்கும் எம்டி ஸ்விட்ச் இருக்கிறது. நடுவில் நின்றுபோனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், மாறாமல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றைத் தாண்டிவிட்டு மிச்சத்தை எடுக்கும். மிர் என்ற ஸ்விட்சை மட்டும் தெரியாமல் போட்டுவிடாதீர்கள். மூலத்தில் இல்லாதவற்றைப் போய்ச் சேரும் இடத்திலிருந்து அழித்துவிடும்.

இரண்டிலும் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள். லேப்டாப்பை மூடினாலும் தூங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மண்புழு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. லேன் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் இரண்டு பக்கமும் தட்டையான யுஎஸ்பி முனை உள்ள கேபிளைப் போட்டு இணைக்கலாமா?

---

கம்பிவடம் எழுதியது:

கூடாது. இரண்டு கணினிகளும் அந்த போர்ட்டில் மின்சாரம் கொடுக்கும் பக்கம். இரண்டு மின்சாரமும் முட்டிக்கொண்டால் போர்ட் போய்விடலாம். நடுவில் சிப் வைத்த டேட்டா டிரான்ஸ்ஃபர் கேபிள் என்று தனியாக இருக்கிறது, அது வேறு. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்குவது இன்னும் உபயோகம். அது 3.0ஆக இருக்கட்டும், 2.0 அடாப்டரில் கிகாபிட் முழுதாக வராது.

---

பென்குயின்பிரியை எழுதியது:

இதே நிலைமைதான் எனக்கும், ஆனால் ஒரு பக்கம் உபுண்டு. விண்டோஸ் 169.254 எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உபுண்டுவோ இணைகிறேன் இணைகிறேன் என்று சுற்றிவிட்டுத் துண்டித்துக்கொள்கிறது, மறுபடி சுற்றுகிறது. விண்டோஸ் ஃபோல்டரைத்தான் எடுக்க வேண்டும்.

---

கம்பிவடம் எழுதியது:

உபுண்டுவின் நெட்வொர்க் மேனேஜர் டிஎச்சிபிக்காக (தானாக ஐபி வழங்கும் சேவை) காத்திருந்து, கிடைக்காததால் இணைப்பையே கைவிடுகிறது. விண்டோஸைப் போலத் தானாக 169.254க்கு இறங்காது. வயர்டு செட்டிங்ஸில் ஐபிவி4 டேப்பில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு "லிங்க்-லோக்கல் ஒன்லி" கொடுங்கள், அதுவும் 169.254க்கு வந்துவிடும். இல்லை என்றால் மேனுவலில் 192.168.50.2 கொடுத்து விண்டோஸுக்கு 192.168.50.1 வையுங்கள். உபுண்டுவை மட்டும் 192.168.50க்கு மாற்றிவிட்டு விண்டோஸை 169.254இல் விட்டுவிடாதீர்கள்.

பிறகு உபுண்டு ஃபைல்ஸில் அதர் லொகேஷன்ஸ் போய் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஐபி. விண்டோஸில் சாய்கோடு பின்பக்கம், இங்கே முன்பக்கம். விண்டோஸ் பக்கத்து பப்ளிக், லோக்கல் யூசர், என்டிஎஃப்எஸ் எல்லாம் மேலே சொன்னவைதான்.

---

பென்குயின்பிரியை எழுதியது:

லிங்க்-லோக்கல் கொடுத்ததும் சுற்றுவது நின்றது. விண்டோஸ் பப்ளிக்கில்தான் இருந்தது, மாற்றினேன். ஃபோல்டர் திறந்துவிட்டது.

---

ஓலைச்சுவடி எழுதியது:

ரோபோகாப்பி முடித்துவிட்டது, ஃபெயில்டு என்ற பத்தியில் பூஜ்யம். ஷேரை எடுத்துவிட்டேன், அந்த லோக்கல் யூசரையும் நீக்கியாயிற்று. டெஸ்க்டாப்பை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை, லேப்டாப்பில் எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன். இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம்.